தூக்கத்துக்கும் ஒரு மருத்துவர் வேண்டும்



மனிதன் இரவிலும் பகலிலும் உறங்குவதைத் தனது அத்தாட்சிகளுள் ஒன்றாக அல்லாஹ் சூரா அர்ரூமின் 23ஆம் வசனத்தில் குறிப்பிடுகின்றான். வானங்களும் பூமியும் படைக்கப்பட்டமை, மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருத்தல், மின்னல், மழை என்று எண்ணிச் சொல்லப்படும் அத்தாட்சிகளின் வரிசையிலேயே தூக்கமும் இடம்பெறுகின்றது. நமது தூக்கம் ஓய்வுக்காக அமைக்கப்பட்டது என்பதைச் சூரா அந்நபா நினைவூட்டுகின்றது. இவ்வளவு சிறப்பித்துச் சொல்லப்பட்ட ஓர் அருட்கொடை பழுதுபடும்போது யாரிடம் செல்ல வேண்டும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோரிடம் விடை இல்லை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் குழந்தைக்கும் தனித்தனி மருத்துவர்களை நாம் அறிந்து வைத்திருக்கின்றோம். தூக்கத்துக்கெனவும் ஒரு மருத்துவத் துறை உண்டு, அதில் தேர்ச்சி பெறத் தனிப் பயிற்சி உண்டு என்னும் செய்தி நம் வீடுகளில் பலவற்றை இன்னும் எட்டவில்லை.

அத்துறையில் நம் பிள்ளைகள் பயில வேண்டும். அப்பயிற்சிக்கான இடங்கள் நம் மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும், குறிப்பாக வடசென்னை மக்கள் நாடிச் செல்லும் மருத்துவமனைகளிலும் உருவாக வேண்டும். இதனை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

இரவில் உழைக்கும் ஊர்

புளியந்தோப்பு நெடுங்காலமாகவே இரவில் விழித்திருக்கும் ஊர். மக்கள் பின்னி மில் என்றழைத்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலை இயங்கிய காலத்தில், ஆலைச் சங்கின் ஓசைக்கு ஏற்பவே இப்பகுதியின் உறக்கமும் விழிப்பும் அமைந்தன. இரவு ஷிப்டு முடிந்து வந்தவர் படுக்கும் நேரத்தில் வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுந்து பள்ளிக்குக் கிளம்புவார்கள். ஒரே அறையில் ஒருவர் உறங்க, மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய குடும்பங்கள் இங்கு ஏராளம்.

ஆலை 1996இல் மூடப்பட்டது; இரவு வேலை மட்டும் மூடப்படவில்லை. ஃபஜ்ருக்குப் பின் நகரெங்கும் இறைச்சிக் கடைகள் திறக்க வேண்டுமெனில், ஆட்டுத்தொட்டியில் நள்ளிரவு கடந்ததுமே வேலை தொடங்கியாக வேண்டும். பகல் விருந்துக்குப் பிரியாணி சமைப்பவர், மற்றவர்கள் ஆழ்ந்து உறங்கும் வேளையில் தேக்சாவை அடுப்பில் ஏற்றுகின்றார். காசிமேட்டில் விடியுமுன்பே மீன் ஏலம் தொடங்குகின்றது. எண்ணூர்த் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர்கள், வரிசை நகரும்வரை வண்டியின் கேபினிலேயே கண்ணயர்கின்றார்கள். பேசின்பிரிட்ஜ் ரயில் பணிமனை, இரவில் உணவு கொண்டு செல்லும் இளைஞர்களின் இருசக்கர வாகனங்கள், வெளிநாட்டு நேரத்துக்கு இயங்கும் அலுவலகங்கள் என்று பட்டியல் நீளும். இவர்களில் நம் சகோதரர்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கின்றார்கள்.

இந்த உழைப்பு ஹலாலான வாழ்வாதாரம்; போற்றத்தக்கது. அதற்கு உடல் தரும் விலையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். உடலின் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதற்கு வலுவான வாய்ப்பு உண்டென, உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. இரவு ஷிப்டு வேலையைப் பற்றி 2019இலும் அதே முடிவை அது உறுதிசெய்தது.

குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

நம் வீடுகளில் ஒருவர் பலமாகக் குறட்டை விட்டால், அசந்து தூங்குகின்றார் என்று மகிழ்கின்றோம். இல்லையேல் கேலி செய்கின்றோம். குறட்டை விடும் அனைவரும் நோயாளிகள் அல்லர். ஆனால் குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறலோடு மீண்டும் மூச்சு வாங்கினால் அதற்கு ஒரு பெயர் உண்டு. தூக்க மூச்சுத்தடை நோய் என்பது அதன் தமிழ்ப் பெயர். மருத்துவர்கள் ஸ்லீப் ஆப்னியா என்பார்கள்.

உறக்கத்தில் தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகின்றது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகின்றது. மூளை அபாயத்தை உணர்ந்து, உறங்குபவர் அறியாமலேயே அவரை அரைகுறையாக எழுப்புகின்றது. மூச்சு திரும்புகின்றது, தூக்கமும் திரும்புகின்றது, பிறகு மீண்டும் அடைப்பு. இவ்வாறு மணிக்கு ஐந்து முறைக்குக் குறைவாக நிகழ்ந்தால் இயல்பு என்றும், 15ஐ எட்டினால் நடுத்தர நோய் என்றும், 30ஐ எட்டினால் கடுமையான நோய் என்றும் கணக்கிடுகின்றார்கள். எட்டு மணிநேரம் படுத்திருந்தும் காலையில் தலை கனத்து, நாள் முழுதும் கண் சொருகுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிகிச்சை பெறாவிட்டால் இரத்த அழுத்தம் உயர்கின்றது. மாத்திரைகளுக்கும் அது கட்டுப்படாமற்போவதுண்டு. இதயத் துடிப்பு சீர்கெடும் வாய்ப்பும் பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடுகின்றன.

இது அரிய நோயன்று. 30 முதல் 69 வயதுவரை உள்ளோரில் உலகெங்கும் சுமார் 93 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என்று 2019இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, நம் நாட்டில் உழைக்கும் வயதினரில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஏறத்தாழ 4.7 கோடிப் பேரின் நிலை நடுத்தரமானது அல்லது கடுமையானது. அவ்வளவு பேரையும் கண்டறிந்து வழிநடத்தப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதே நம் கவலை.

தூக்க நோய்கள் இதனோடு முடிவதில்லை. இரவில் கால்கள் குறுகுறுத்து அசைத்துக்கொண்டே இருக்கத் தூண்டும் ஒரு நோய் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு அதன் காரணங்களுள் ஒன்று என்பதால், இரத்தசோகை மிகுந்த நம் பெண்கள் அதனை அறிந்திருப்பது நல்லது. இரவில் போதிய அளவு உறங்கியும் வகுப்பில் அடக்க முடியாமல் உறங்கிவிடும் மாணவனைச் சோம்பேறி என்று ஏசுகின்றோம். மூளையில் விழிப்பைக் காக்கும் ஒரு வேதிப்பொருள் குறைவதால் வரும் நார்கோலெப்சி என்ற நோயாகவும் அது இருக்கலாம். உறக்கத்தில் கை கால்களை வீசி, கனவுக்கேற்ப எழுந்து தாக்கும் முதியவருக்கு அது பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பாக இருக்க வாய்ப்புண்டு.

விழிப்பு வந்தும் உடலை அசைக்க முடியாமல், நெஞ்சின்மேல் யாரோ அமர்ந்து அமுக்குவதுபோல் தோன்றும் அனுபவத்தைப் பலர் ஜின்னின் வேலை என்று அஞ்சுகின்றார்கள். ஜின் இனத்தை நம்புவது நம் ஈமானைச் சேர்ந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் கனவுகள் மிகுந்து வரும் உறக்க நிலையில் உடலின் தசைகள் தற்காலிகமாகச் செயலற்றிருக்கும்படி அல்லாஹ் அமைத்துள்ளான். அந்நிலை விலகுவதற்கு முன்பே விழிப்பு வந்துவிட்டால் இவ்வாறு நேர்கின்றது. அந்த உறக்க நிலையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர் 1953இல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தனர். உறங்குமுன் ஓத வேண்டிய துஆக்களை ஓதுவோம். இது அடிக்கடி நிகழ்ந்தால் மருத்துவரையும் நாடுவோம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகாது.

ஃபஜ்ருக்கு எழ இயலாத ஒரு நபித்தோழர்

ஒருவர் தொடர்ந்து ஃபஜ்ருக்கு எழாவிட்டால் அவருடைய ஈமானைப் பற்றிப் பேசுகின்றோம். ஜும்ஆ உரையின்போது தலை சாய்ந்துவிடும் முதியவரை அருகிலிருப்பவர் முழங்கையால் இடிக்கின்றார். அவருக்கு ஏதேனும் நோய் இருக்குமோ என்று எண்ணுபவர் அரிது.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்வை இங்கே நினைவுகூர்வோம். ஸஃப்வான் பின் அல்முஅத்தல் (ரலி) அவர்கள் சூரியன் உதிக்கும்வரை ஃபஜ்ர் தொழுவதில்லை என்று அவர்களுடைய மனைவியார் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். தாம் எழ இயலாத இயல்புடைய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், அது எல்லோரும் அறிந்ததே என்றும் ஸஃப்வான் (ரலி) விளக்கினார்கள். விழித்ததும் தொழுதுகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். கேட்டார்கள், விசாரித்தார்கள், அவருடைய நிலைக்கேற்ற வழியைக் காட்டினார்கள், இழித்துரைக்கவில்லை. நள்ளிரவுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஃபஜ்ரைத் தவறவிடுவோருக்கு இதில் சலுகை ஏதுமில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, குறை கூறுமுன் விசாரித்தறியும் அந்தப் பண்பை.

உடலுக்கும் கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததைப் புகாரியில் காண்கின்றோம். இரவெல்லாம் நின்று வணங்க முனைந்த அபூதர்தா (ரலி) அவர்களை, ஸல்மான் (ரலி) அவர்கள் முதலில் உறங்கச் சொல்லி இரவின் இறுதியில் எழுப்பினார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என்று நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றார்கள். வணக்கத்துக்காகக்கூட உடலின் உரிமையைப் பறிக்கலாகாது எனில், அவ்வுரிமை நோயால் பறிபோகும்போது கண்டும் காணாதிருப்பது எவ்வாறு சரியாகும்?

சென்னை உழைப்பாளிகள் எவ்வளவு உறங்குகின்றார்கள்?

நம் நகரத்து எளிய உழைப்பாளிகளின் தூக்கத்தை நேரடியாக அளந்த ஓர் ஆய்வு உண்டு. கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்டு உள்ளிட்ட பொருளியல் அறிஞர் ஐவர் சென்னையில் நடத்திய அவ்வாய்வு 2021இல் வெளிவந்தது. குறைந்த வருவாயுடைய 452 பேரின் கைகளில் அசைவைப் பதியும் கருவியைக் கட்டிப் பார்த்தபோது, இரவில் ஏறத்தாழ எட்டு மணிநேரம் படுக்கையில் இருந்தும் அவர்கள் உண்மையில் உறங்கியது சராசரியாக ஐந்தரை மணிநேரமே எனத் தெரியவந்தது. வெப்பம், கொசு, இரைச்சல், நெருக்கடி, மனக்கவலை என்று உறக்கத்தை உடைப்பவை எளியோர் வீட்டில் பலவல்லவா?

கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, மின்விசிறி போன்றவற்றைக் கொடுத்தும், உறங்குவதற்கு ஊக்கத்தொகை வழங்கியும் இரவுத் தூக்கத்தை அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டினார்கள். வேலைத்திறனிலும் மனநலனிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தென்படவில்லை. பணியிடத்தில் அமைதியான சூழலில் பகலில் அரைமணி நேரம் உறங்க இடம் கொடுத்தபோதோ, வேலைத்திறனும் மனநலனும் மேம்பட்டன. லுஹரை ஒட்டிச் சிறிது உறங்கும் கைலூலா என்னும் சுன்னத்தை நாம் கைவிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று இங்கே நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இரவு ஷிப்டு ஊழியரை வைத்திருக்கும் நம் வணிகர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

நாம் இதிலிருந்து பெறும் பாடம் வேறொன்றும் உண்டு. உடைந்துபோன தூக்கத்தை, படுத்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதால் மட்டும் சரிசெய்துவிட இயலாது. சூழலால் உடைகின்றதா, மூச்சுத்தடையால் உடைகின்றதா, கவலையால் உடைகின்றதா, உடலின் கடிகாரம் பிறழ்ந்ததால் உடைகின்றதா என்று ஒவ்வொருவரிடத்திலும் பிரித்தறிய வேண்டும். அவ்வாறு பிரித்தறிவதற்கே பயிற்சி தேவைப்படுகின்றது.

அந்தப் பயிற்சி எத்தகையது?

தூக்க மருத்துவர் மற்றத் துறைகளின் எல்லைகளைக் கடந்து கற்க வேண்டியவர். மூச்சைப் பற்றி நுரையீரல் துறையிலும், விழிப்பையும் கனவையும் பற்றி நரம்பியலிலும், கவலையையும் தூக்கமின்மையையும் பற்றி மனநல மருத்துவத்திலும், மூச்சுப்பாதையைப் பற்றிக் காது மூக்கு தொண்டைத் துறையிலும் அவர் அறிந்திருக்க வேண்டும். குழந்தையின் தூக்கம் பெரியவரின் தூக்கம் போன்றதன்று. அதையும் தனியே கற்க வேண்டும்.

அவருடைய முதன்மையான கருவி இரவுநேரத் தூக்கப் பரிசோதனை. தலையில் மூளையலைகளையும், கண்ணருகே கண்ணசைவையும், தாடையிலும் காலிலும் தசையசைவையும், மூக்கில் மூச்சோட்டத்தையும், மார்பிலும் வயிற்றிலும் மூச்சு முயற்சியையும், விரலில் ஆக்சிஜன் அளவையும் பதியும் உணரிகளைப் பொருத்தி, இரவு முழுதும் பதிவு செய்கின்றார்கள். அப்பதிவை 30 நொடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும். எட்டு மணிநேரப் பதிவில் 960 துண்டுகள் இருக்கும். எந்திரம் தரும் முடிவை அப்படியே கையெழுத்திட்டு அனுப்புவதற்கும், ஒவ்வொரு துண்டையும் பார்த்துப் பொருள் காண்பதற்கும் இடையே உள்ள தூரத்தைப் பயிற்சியே கடக்க வைக்கும்.

கொலின் சல்லிவன் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர் 1981இல் அறிமுகப்படுத்திய சிபாப் என்ற காற்றழுத்தக் கருவி, மூச்சுத்தடைக்கு இன்றும் முதன்மையான சிகிச்சையாகத் திகழ்கின்றது. முகமூடி வழியே மெல்லிய காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது அதன் வேலை. கருவியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. முகமூடி பொருந்தவில்லை, மூக்கு வறள்கின்றது, மூச்சு முட்டுகின்றது என்று சில நாட்களிலேயே பரணில் ஏற்றிவிடுவோர் பலர். நோயாளியோடு அமர்ந்து, அழுத்தத்தைச் சீர்செய்து, மனத்தடையை நீக்கி, தொடர்ந்து அணியச் செய்வது தனிக்கலை.

இவ்வளவையும் பொது மருத்துவப் படிப்பு கற்றுத் தருவதில்லை. இந்தியா உட்பட 12 நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் எடுக்கப்பட்டு 2011இல் வெளியான கணக்கெடுப்பில், முழு மருத்துவப் படிப்பிலும் தூக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட நேரம் சராசரியாக இரண்டரை மணிநேரத்தைக்கூட எட்டவில்லை. ஆயுளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் ஒன்றுக்கு, ஒரு திரைப்படத்தின் நேரமே கிடைத்திருக்கின்றது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிமென்ட் 1970இல் தூக்க நோய்களுக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். 2007 முதல் அந்நாட்டின் மருத்துவச் சிறப்புத்துறை வாரியங்கள் தூக்க மருத்துவத்தில் தேர்வு நடத்திச் சான்றளிக்கின்றன. முதுநிலைப் பயிற்சிக்குப் பின் ஓராண்டு தனிப் பயிற்சி பெற்றவரே அத்தேர்வுக்குத் தகுதி பெறுவார். நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸில் நுரையீரல், தீவிர சிகிச்சை, தூக்க மருத்துவம் மூன்றும் இணைந்த டி.எம். படிப்பு உண்டு. ரிஷிகேஷ் எய்ம்ஸில் தூக்க மருத்துவத்துக்கெனத் தனி டி.எம். படிப்பு தொடங்கப்பட்டது. சென்னையில் அமெரிக்கப் பயிற்சி பெற்ற டாக்டர் ராமகிருஷ்ணன் நித்ரா என்னும் பெயரில் தூக்கத்துக்கெனத் தனி மையம் நிறுவினார். பல தனியார் மருத்துவமனைகளிலும் பரிசோதனை வசதி வந்துவிட்டது. ஆயினும் இரவு ஷிப்டு முடிந்து வரும் புளியந்தோப்புத் தொழிலாளிக்கு அவ்வாசல்கள் தொலைவானவை. பரிசோதனைக்குச் சில ஆயிரங்களும் கருவிக்குப் பல பத்தாயிரங்களும் அவர் எங்கே தேடுவார்?

ஆடம்பரம் என்போருக்கு

காய்ச்சலுக்கே வரிசையில் நிற்கும் ஊரில் தூக்கத்துக்குச் சிறப்பு மருத்துவர் கேட்பது ஆடம்பரம் அல்லவா என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாதான். அதற்கு விடை நம் வடசென்னையை அடுத்தே இருக்கின்றது.

காசநோய் இந்நகரத்தின் எளியோரை வாட்டிய காலத்தில், நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள சானடோரியத்தில் தங்கினால்தான் அது குணமாகும் என்று உலகம் நம்பியது. அத்தகைய படுக்கைகள் மிகக் குறைவு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு மருந்து கொடுத்தது. நெருக்கடியான குடிசையில் இருந்தபடியே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தோருக்கு இணையாகக் குணமடைந்தனர். வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை. 1959இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அம்மையத்தின் இன்றைய வடிவம். நமக்கு அருகே ஓட்டேரியில் அரசின் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கின்றது. இராயபுரத்தை ஒட்டி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கின்றது.

எளியோரின் நோய்க்குச் சிறப்புப் பயிற்சி தேவை என்று அன்று அரசும் மருத்துவர்களும் கருதியதால்தான், ஆடம்பரச் சிகிச்சை எளிய சிகிச்சையாயிற்று. தூக்க மருத்துவமும் அவ்வழியே செல்ல இயலும். வீட்டிலேயே ஓரிரவு கட்டிக்கொண்டு உறங்கத்தக்க சிறிய பரிசோதனைக் கருவிகள் வந்துவிட்டன. குறட்டை, பகற்சோர்வு, மூச்சு நிற்பதைப் பிறர் கண்டது, இரத்த அழுத்தம், உடற்பருமன், வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா என்னும் எட்டு வினாக்களைக் கொண்டு, யாருக்குப் பரிசோதனை தேவை என்று முதற்கட்டமாகச் சலிக்கும் முறை 2008இல் டொராண்டோவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. மூன்று வினாக்களுக்கு ஆம் என்பவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதை ஒரு செவிலியரே கேட்டுவிடலாம். ஆனால் அவரைப் பயிற்றுவிக்கவும், அவர் அனுப்புவோரைப் பார்க்கவும், வீட்டுக் கருவி காட்டாத சிக்கலைக் கண்டறியவும் அரசு மருத்துவமனையில் துறை அறிந்த ஒருவர் இருந்தாக வேண்டும். ஒரு சிறப்பு மருத்துவர் உருவானால் அவரிடம் கற்கும் பொது மருத்துவர்களும் நுட்பனர்களும் நூற்றுக்கணக்கில் உருவாவார்கள்.

செலவைப் பற்றிக் கவலைப்படுவோர் மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். கண் சொருகிய ஒரு டிரெய்லர் ஓட்டுநரால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நேரும் விபத்தில் இரண்டு குடும்பங்கள் அழிகின்றன. ஆட்டுத்தொட்டியில் கத்தியோடு நிற்பவரின் கணநேர அயர்வு அவருடைய விரலைப் பறிக்கும்.

நம்மீதுள்ள கடமை

மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் வகுத்துள்ளார்கள். சிலர் நிறைவேற்றினால் எல்லோர்மீதும் உள்ள பொறுப்பு நீங்கும்; ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் ஊர் முழுதும் குற்றத்துக்குள்ளாகும். முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்கள் இருக்க, எல்லோரும் ஒரே துறையில் சென்று குவிகின்றார்களே என்று அவர்கள் தம் காலத்தில் வருந்தினார்கள். மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்னும் நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. தகுந்த பயிற்சி என்பது மார்க்கத்தின் கண்ணிலும் மருத்துவரின் கடமை.

தூக்கத்தை மருத்துவத்தின் பொருளாகக் காண்பது நம் மரபுக்குப் புதிதன்று. உறக்கத்தையும் விழிப்பையும் உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணிகளுள் ஒன்றாக யூனானி மருத்துவம் எண்ணுகின்றது. இப்னு சீனா தமது கானூன் நூலில் அதைப் பற்றி எழுதியுள்ளார்.

இன்று நம் பிள்ளைகள் அல்ஹம்துலில்லாஹ் மருத்துவக் கல்லூரிகளில் நுழைகின்றார்கள். 2007 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீடும் அதற்குத் துணை நிற்கின்றது. எம்.பி.பி.எஸ். முடிந்ததும் எந்த மேற்படிப்பு என்ற கேள்வி எழும்போது, வருவாயும் பெயரும் உள்ள நான்கைந்து துறைகளே வீட்டில் பேசப்படுகின்றன. ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி., மூன்றாண்டு டி.எம். என்று பன்னிரண்டு ஆண்டுகளை நெருங்கும் இப்பாதை நீண்டதுதான். மருமகளாக வரப்போகும் பெண் மருத்துவரிடம், இன்னும் படிப்பா என்று சலித்துக்கொள்ளும் மாமியார்கள் இந்தக் கணக்கைக் கேட்டு மலைக்க வேண்டாம். பெண்ணின் தூக்கப் பரிசோதனை என்பது அவள் ஓரிரவு முழுதும் பிறர் கண்காணிப்பில் உறங்குவது. அங்கே ஒரு பெண் மருத்துவரும் பெண் நுட்பனரும் இருந்தால் நம் தாய்மாரும் சகோதரிகளும் எவ்வளவு நிம்மதியாகச் செல்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ரமளானில் எழும் வினாக்களும் உண்டு. தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையே துண்டாகும் இரவுத் தூக்கத்தை மூச்சுத்தடை நோயாளி எவ்வாறு வகுத்துக்கொள்வது? நோன்போடு பகலில் உறங்கும்போது ஈரப்பதத் தொட்டி பொருத்திய காற்றழுத்தக் கருவியை அணியலாமா? ஃபத்வா வழங்குவது நமது வேலையன்று. அது ஆலிம்களின் பொறுப்பு. கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஆலிம்களுக்கு விளக்கவும், மார்க்கத்தின் தேவையை உணர்ந்து நோயாளிக்கு வழிசொல்லவும் இரண்டும் அறிந்த ஒரு மருத்துவர் நம்மிடையே இருப்பது பேருதவியாகும்.

ஆகவே சிலவற்றை வேண்டுகின்றோம். கல்வி உதவித்தொகை வழங்கும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் மருத்துவ இடத்துக்கு மட்டுமின்றி, தூக்க மருத்துவ மேற்படிப்புக்கும் பரிசோதனை நுட்பனர் பயிற்சிக்கும் உதவ முன்வர வேண்டும். வட இந்தியாவுக்குச் சென்று பயிலும் பிள்ளைக்குத் தங்குமிடச் செலவை ஏற்பதும் ஸதகா ஜாரியாவாக அமையக்கூடும். வடசென்னையின் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனுக் கொடுக்கும்போது, சாலைக்கும் குடிநீருக்கும் அடுத்து, அரசு மருத்துவக் கல்லூரிகளில் தூக்க மருத்துவத்துக்கெனப் பயிற்சி இடங்கள் வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும். காற்றழுத்தக் கருவியை எளியோர் இலவசமாகவோ தவணையிலோ பெற வழிசெய்யக் கோர வேண்டும். இமாம்கள் ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலாவது தூக்கத்தின் உரிமையைப் பற்றிப் பேச வேண்டும். வீட்டிலுள்ளோர் குறட்டைக்கு இடையே மூச்சு நிற்பதைக் கண்டால், கேலியை விட்டுவிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ அவரை அழைத்துச் செல்ல வேண்டும். கண்டதைக் கண்டபடி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உறங்குபவருக்குத் தன் நோய் தெரியாது. அருகில் இருப்பவரே அதற்குச் சாட்சி.

உறங்கச் செல்லும்போது நம் உயிரை அல்லாஹ்விடம் ஒப்படைக்கின்றோம். விழித்ததும் திருப்பித் தந்ததற்கு அவனைப் புகழ்கின்றோம். இரவெல்லாம் உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்களுக்கு அமைதியான உறக்கத்தையும், அதைக் காக்கும் கல்வியை நம் பிள்ளைகளுக்கும் அவன் அருள்வானாக! ஆமீன்.